கணிப்பொறிக் கல்வியும் நம் கல்லூரி மாணவரும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் அரசுக்கு ஒரு மனுக் கொடுக்க வேண்டுமாயின், தாலுகாக் கச்சேரியின் மர நிழலில் அமர்ந்திருந்த மனு எழுதுவோரிடம் காசு கொடுத்துக் காத்துக் கிடந்தனர். எழுதியதில் கைந்நாட்டு வைப்பதன்றி, அதில் என்ன இருக்கிறதென்று அறிய அவர்களுக்கு வழியில்லை. இன்று பட்டப்படிப்புப் பயிலும் நம் பிள்ளைகள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இணைய மையங்களில் வரிசையில் நிற்கின்றனர். கைந்நாட்டு இருந்த இடத்தில் கடவுச்சொல் வந்திருக்கிறது. அதுவும் கடைக்காரரின் குறிப்பேட்டில் இருக்கிறது!

பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944-ஆம் ஆண்டு தோன்றியது. இன்று விண்ணப்பம் இணையவழியே செல்கிறது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிற்குத் தொகை நேரே வருகிறது. இடைநின்று பிடுங்குவோருக்கு இதனால் இடம் குறைந்தது, வரவேற்கிறோம். ஆனால் மையத்துக்காரர் விரைவு கருதித் தம் கைப்பேசி எண்ணைப் பதிந்துவிட்டால், ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்கே போகும். மறு ஆண்டு அவர் எண்ணை மாற்றியிருந்தால், மாணவர் தம் கணக்கிற்குள் தாமே நுழைய இயலாது நிற்பார். சாதிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஓர் எழுத்து வேறுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். வந்ததைப் பார்ப்பவர் யார்? பார்க்கத் தெரியாமையால் ஓராண்டுத் தொகையும், சில வேளை படிப்பும் போகின்றன.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் குடிசைகளுக்குள்ளும் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. அது பெரும்பேறே. ஆயினும் பொறி கைக்கு வருவது வேறு, பொறியறிவு வருவது வேறு. கைப்பேசியில் மணிக்கணக்காய்த் திரைப்படம் காணும் இளைஞர், ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் தட்டெழுதி அனுப்பத் தடுமாறுகிறார்.

தமிழ் தட்டெழுதுவதையே எடுத்துக்கொள்வோம். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாய் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானே விழும். நாள்தோறும் அரைமணி பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும். ஆனால் நம் முதுகலை மாணவர் ஆய்வேட்டைப் பக்கத்திற்கு இவ்வளவென்று கூலி கொடுத்தே அச்சிடுகின்றனர். அதுவும் பழைய எழுத்துருவில் அமைந்துவிட்டால், வேறு கணிப்பொறியில் திறக்கும்போது பொருளற்ற குறிகளாய்த் தோன்றும், தேடவும் இயலாது. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுவிட்டது. ஆய்வு நெறியாளர்களே இதனை வற்புறுத்தலாகாதா?

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லவும் நாம் தயங்கவில்லை. 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கால் நூற்றாண்டு வகுப்பெடுத்த பேராசிரியர் பலர் திரையின்முன் மாணவரின் உதவியை நாடினர். அதில் இழுக்கில்லை. கல்லூரி திறந்ததும் பழகியதை விட்டுவிட்டதே வருத்தத்திற்குரியது. மாணவர் அறிந்த பொறியை ஆசிரியர் அஞ்சி ஒதுக்கினால், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' பாடங்களை எவர் அறிமுகம் செய்வார்? கட்டணமின்றிக் கேட்கத்தக்க அப்பாடங்களை நகரத்து மாணவர் பயன்கொள்ள, நம்மவர் பெயரையும் கேளாதிருப்பது நியாயமாகுமா?

புதுப்பொறிக்கு அஞ்சும் மரபு நமக்கில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார்; பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' கண்டார். அக்காலத்து ஆற்றல்மிகு பொறியாகிய அச்சு, பிறர் நம்மைப்பற்றி எழுதியதை மறுத்து எழுத அவர்களுக்குப் பயன்பட்டது.

ஆகவே சங்கத்திற்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியதே. வீடுகளில் தூசி படிந்துள்ள மடிக்கணினிகளைத் திரட்டிப் பழுதுநீக்கி, நம் படிப்பகத்தில் வைக்க வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் மூன்றாமாண்டு மாணவர் முதலாமாண்டினருக்குக் கற்பிக்கட்டும். ஆசிரியரும் அருகமர்ந்து பழகட்டும். முதற்பாடம் இதுவாகட்டும்: ஒவ்வொருவரும் தம் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தம் கையால், தம் கைப்பேசி எண் கொடுத்து, தாமே நிரப்புதல். பெண் பிள்ளைகளுக்கு விளக்கு வைக்குமுன் வீடு திரும்பும்படி நேரம் வகுத்தல் வேண்டும். அடுத்த விண்ணப்பக் காலத்திற்குள் தொடங்கிவிடலாம்.