பத்மநாப சேவினியர்

1762-இல் உருசிய அரியணை ஏறிய பேரரசி காதரீன், மகன் பால் வளர்ந்து ஆளான பின்னும், 1796-இல் தாம் இறக்கும்வரை முடியை விட்டாரல்லர். நம் திருவிதாங்கூரில் நெறி வேறாயிருந்தது. 1750-இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாபர் திருவடியில் ஒப்புவித்தார். அதுமுதல் அரசர் பத்மநாபதாசர், அரசியர் பத்மநாப சேவினியர். உடைமை இறைவனுடையதெனின், ஆள்வது ஆணோ பெண்ணோ, ஊழியமேயன்றோ? மருமக்கள்தாயத்தில் அரசுரிமையும் பெண்வழியே வந்தது.

1810-இல் ஆட்சியேற்ற கௌரி லக்ஷ்மிபாய், 1813-இல் சுவாதித் திருநாள் பிறந்ததும் மகன் பேரால் ஆண்டார். 1815-இல் அவர் மறைய, தங்கை பார்வதிபாய் பொறுப்பேற்றார். ஆங்கிலேய ரெசிடெண்டு மன்றோவின் கை வலுத்திருந்த காலம் அது, மறைக்க வேண்டா. ஆயினும் 1817-இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்ற ஆணை பார்வதிபாய் பேரால்தான் பிறந்தது. 1829-இல் சுவாதிக்கு 16 வயது நிரம்பியதும் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். அப்போது அவ்வம்மையாருக்கு வயது 30-கூட நிரம்பவில்லை.