தேக்கடிக் காட்டின் வழிகாட்டிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து, லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குமுளி. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். கடைவீதி முழுக்க ஏலமும் மிளகும் கிராம்பும் மணக்கும். அதற்கு அடுத்தது தேக்கடி. பெரியாற்றின் குறுக்கே 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை தேக்கிய நீர்தான் இங்குள்ள ஏரி. தேனி, மதுரை வயல்களுக்குப் பாய்வதும் அதே நீர். அன்று மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் இன்னும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. அவற்றின் நுனியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. சுற்றியுள்ள காடு 1978-இல் புலிகள் காப்பகமானது. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் படகில் ஒரு சுற்று போய், கரையில் யானை தென்பட்டால் மகிழ்ந்து திரும்பிவிடுவார்கள். தேக்கடியின் உண்மையான கதை படகுத்துறையில் இல்லை, காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது.

காட்டு லவங்கப்பட்டை மரத்தை இங்கே வயணா என்கிறார்கள். அதன் பட்டையை உரித்துக் கடத்துவது ஒருகாலத்தில் குமுளிப் பக்கத்து ஆட்கள் சிலரின் பிழைப்பு. இரவெல்லாம் காட்டில் கிடப்பார்கள், பிடிபட்டால் வழக்கு, லாபமோ வியாபாரிக்கு. 1996-இல் உலக வங்கி உதவியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களோடு பேசத் தொடங்கியது. பேச்சின் முடிவில் இருபதுக்கும் மேற்பட்டோர் கடத்தலை விட்டு, ஒரு குழுவாகச் சேர்ந்து வழிகாட்டிகளாயினர். புலித்தடம் எது, யானை எந்த நேரத்தில் எந்த ஓடைக்கு இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடத்தலுக்கு உதவிய அறிவுதான், கூலி மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது.

அவர்கள் நடத்தும் நடைப்பயணம் ஓரிரு இரவுகள் நீளும். கூடாரம், சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வருவார். ஒரு தடவைக்குச் சிலரையே அழைத்துச் செல்கிறார்கள். கூட்டம் குறைவு, கட்டணம் அதிகம் என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அந்தக் கட்டணத்திலிருந்துதான் வழிகாட்டிகளுக்குச் சம்பளம். ஒரு பங்கு பொது நிதிக்குப் போகிறது. அவர்கள் நடக்கும் பாதையெல்லாம் ரோந்துப் பாதையும் ஆகிவிடுவதால் கள்ள வேட்டைக்காரர்களுக்கு ஒளிய இடம் குறைகிறது.

மன்னான், பளியர் குடிகளின் கதை வேறு மாதிரி. விளையும் மிளகை முன்கூட்டியே வியாபாரிகளிடம் அடகு வைத்துக் கடனில் கிடந்தவர்கள் மன்னான்கள். அவர்களது குழு கடனை அடைத்து, மிளகு விற்பனையைத் தன் கைக்கு மீட்டது. ஆண்கள் பலர் மூங்கில் தெப்பம் ஓட்டவும் தடம் பார்க்கவும் போகிறார்கள். இப்பகுதிப் பெண்கள் சிலர் 'வசந்த சேனை' என்ற பெயரில், கூலி வாங்காமல், முறைவைத்துக் காட்டைச் சுற்றிவருகிறார்கள்.

எல்லாப் பணமும் இப்படி ஊருக்குள் தங்குவதில்லை. பெரிய விடுதிகளின் வருமானத்தில் பெரும்பகுதி வெளியூர் முதலாளிகளுக்கே. ஆட்டோ, ஜீப் ஓட்டுநர்களும் மசாலாக் கடைக்காரர்களும் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களும் சீசனை நம்பியே வாழ்கிறார்கள். சுற்றுலாவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2009 செப்டம்பரில் ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பாதுகாப்பில் காட்டும் சிக்கனம் எத்தனை உயிர்களை விலையாகக் கேட்கும் என்பதை அந்த விபத்து காட்டியது.

நடைக்கும் தெப்பத்துக்கும் முன்பதிவு அவசியம். பளிச்சிடும் நிற உடை வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறையை வழிகாட்டிகளே தருவார்கள்.