கில்மன் தெருவின் பிள்ளைகள்

1994 பிப்ரவரி 1 அன்று ரிப்ரைஸ் நிறுவனம் ‘டூக்கி’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பதினான்கு பாடல்கள், ஏறத்தாழ நாற்பது நிமிடம். கிரீன் டே இசைக்குழுவின் மூவரும் 1972-இல் பிறந்தவர்கள்; அன்றைக்கு மூவருக்கும் வயது 21. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றிதழ் அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. பாப் பங்க் என்ற இசைவகையை உலகம் முழுவதும் வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டுவந்தது இதுவே என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

இந்த வெற்றியை ஒரு பெரிய நிறுவனத்தின் சாமர்த்தியமாகவும் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் கொடையாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த உரை அந்தக் கணக்கைத் திருத்தி எழுத முயல்கிறது. ‘டூக்கி’ ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று வாரத்தில் முடிந்த வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் ஏழாண்டுக் காலம் பல பேர் கூலி வாங்காமல் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் பலரின் பெயர் ஆல்பத்தின் உறையில் இல்லை.

கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ரோடியோ என்ற சிற்றூர் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஊர். கிரீன் டேயின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அங்கே வளர்ந்தார். லாரி ஓட்டியபடியே ஜாஸ் வாசித்துவந்த தந்தை 1982-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தபோது மகனுக்குப் பத்து வயது. தாய் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த வயதில்தான் பள்ளி உணவுக்கூடத்தில் மைக் டர்ன்ட் அவருக்கு நண்பரானார். டர்ன்ட்டுக்கும் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை: தத்துப்பிள்ளை, வளர்த்தவர்களும் பிரிந்துபோனவர்கள். இருவரும் கிட்டாரோடு அறைக்குள் அடைந்துகொண்டார்கள். 1987-இல் ‘ஸ்வீட் சில்ட்ரன்’ என்ற பெயரில் குழு தொடங்கினார்கள். முதல் கச்சேரி வலேஹோ நகரில், ஆம்ஸ்ட்ராங்கின் தாய் வேலை பார்த்த அதே உணவகத்தில்.

அத்தோடு நின்றுபோயிருக்கலாம். ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடக் குழுக்கள் அப்படித்தான் நின்றுபோகின்றன. இவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

பெர்க்லி நகரில் கில்மன் தெரு, 924-ஆம் எண். தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கு. 1986 டிசம்பர் 31 இரவு அங்கே ஓர் இசைக்கூடம் திறக்கப்பட்டது. ‘மேக்சிமம் ராக்என்ரோல்’ என்ற பங்க் இதழை நடத்திய டிம் யோஹானனும் நண்பர்களும் முன்நின்று உருவாக்கியது. லாப நோக்கம் இல்லை. மதுவும் போதைப்பொருளும் உள்ளே வரக் கூடாது, அடிதடி கூடாது, இனவெறி, பெண்ணிழிவு, ஒருபால் ஈர்ப்பினரைத் தாழ்த்துவது எதற்கும் இடமில்லை. மது விற்காததால் எந்த வயதுப் பிள்ளையும் வரலாம். வாசலில் சீட்டுக் கொடுப்பது, ஒலிபெருக்கியைக் கட்டுவது, இரவு கச்சேரி முடிந்ததும் தரையைக் கூட்டுவது எல்லாமே தன்னார்வலர்கள் வேலை. முடிவுகளைக் கூட்டம் போட்டுப் பேசி எடுப்பார்கள்.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ராக் இசைக்கூடம் என்றால் பெரும்பாலும் மதுக்கூடம்தான். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் பல கூடங்கள் அந்த வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளேயே விடுவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை பாடல் எழுதினால் அதை வாசிக்க மேடை கிடையாது. கேட்க அதே வயதுக்காரர்கள் வர முடியாது. கில்மன் அந்தச் சுவரை உடைத்தது. வாரந்தோறும் புதுக்குழுக்கள் மேடை ஏறின. ஆப்பரேஷன் ஐவி அங்கிருந்து வந்தது. பின்னாளில் ரான்சிட் ஆனவர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஒருவர் பாட்டைக் கேட்டு இன்னொருவர் பாட்டைத் திருத்திக்கொள்ளும் பயிற்சிக்கூடமாக அது இருந்தது. கிரீன் டேயின் பாடல்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுகின்றன. நேரெதிரே நின்று உடனடியாகப் பதில் சொல்லும் கூட்டத்துக்கு முன்னால் பழகியவர்களுக்கே அந்தச் சிக்கனம் வரும்.

அடுத்து லுக்அவுட் ரெக்கார்ட்ஸ். லாரி லிவர்மோர் நடத்திய சிறு நிறுவனம். மெண்டசினோ மலைப்பகுதியில் குடியிருந்த லிவர்மோர், பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தம் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கச் சேர்த்துக்கொண்டு, ட்ரே கூல் என்று பட்டப்பெயரும் வைத்தார். அதே மலைப்பகுதியில், மின்சாரமே இல்லாத ஒரு வீட்டில், ஜெனரேட்டர் போட்டு ‘ஸ்வீட் சில்ட்ரன்’ வாசித்ததை அவர் கேட்டார். கேட்க வந்தவர்கள் ஐந்தாறு பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் விளையாட்டு அரங்கமே நிரம்பியிருப்பதுபோல் அந்தக் குழு வாசித்தது என்று லிவர்மோர் பின்னர் பல முறை சொல்லியிருக்கிறார். அப்போதே அவர்களின் இசைத்தட்டை வெளியிட முடிவு செய்தார். குழுவின் பெயர் கிரீன் டே ஆனது. 1990-இல் ‘39/ஸ்மூத்’ வந்தது. டிரம்ஸ் வாசித்த ஜான் கிஃப்மெயர் கல்லூரிப் படிப்புக்குப் போக, அந்த இடத்துக்கு ட்ரே கூல் வந்தார். குழுவின் இசை உண்மையில் முழுமை பெற்றது அப்போதுதான்.

ட்ரே கூலின் தந்தையை இந்த வரலாற்றில் விட்டுவிடக் கூடாது. அவர் ஒரு பழைய நடமாடும் நூலக வண்டியை வாங்கி, படுக்கையும் கருவிகள் வைக்க இடமும் அமைத்து, ஓட்டுநராகத் தாமே உட்கார்ந்து பிள்ளைகளை நாடெங்கும் கச்சேரிக்கு அழைத்துப்போனார். அந்தப் பயணங்களிலிருந்துதான் ஆல்பத்தின் பெயரும் வந்தது. வழியில் கெட்டுப்போன உணவைத் தின்று வயிறு கலங்கியதைக் கேலியாகக் குறிக்கும் கொச்சைச் சொல் அது.

இரண்டாவது ஆல்பமான ‘கெர்பிளங்க்’, லுக்அவுட் அதுவரை கண்டிராத வேகத்தில் விற்றது. நேரமும் கூடிவந்தது. நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ 1991-இல் பெருவெற்றி பெற்றபின், பெரிய நிறுவனங்கள் எல்லாம் அடுத்த குழுவைத் தேடி அலைந்துகொண்டிருந்தன. வந்தவர்களில் ரிப்ரைஸ் நிறுவனத்தின் ராப் கவல்லோவை இவர்களுக்குப் பிடித்துப்போனது. அவரும் கிட்டார் வாசிப்பவர். ஆம்ஸ்ட்ராங்கோடு உட்கார்ந்து பீட்டில்ஸ் பாடல்களைச் சேர்ந்து வாசித்தார். 1993-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒலிப்பதிவு பெர்க்லியிலேயே, ஃபேன்டசி ஸ்டுடியோவில். வீட்டை விட்டு வெகுதூரம் போகாமலே வேலை நடந்தது.

கூடத்துக்குள் நுழையும்போதே பாடல்கள் மேடையில் வாசித்துத் தேர்ந்திருந்தன. அதனால்தான் மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. ஆம்ஸ்ட்ராங் பெரும்பாலான பாடல்களை ஒரே மூச்சில் பாடி முடித்தார். சிக்கல் வந்தது அதற்குப் பிறகு, ஒலிக்கலவையில். முதல் கலவை குழுவுக்குத் திருப்தி தரவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆல்பத்தையும் பிளாக் சாபத்தின் தொடக்க கால ஆல்பங்களையும்போல எதிரொலிப் பூச்சு இல்லாத, வறண்ட ஒலி வேண்டும் என்று ஆம்ஸ்ட்ராங் நினைத்தார். ஜெர்ரி ஃபின்னும் கவல்லோவும் சேர்ந்து மீண்டும் கலந்தார்கள். இன்று கேட்டாலும் அந்தத் தீர்மானத்தின் பலன் தெரிகிறது: கிட்டார் காதருகே இருக்கிறது, பேஸின் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கிறது, டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பதுபோல் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பணம் இங்கே நல்ல வேலை செய்திருக்கிறது. பாடலை மாற்றவில்லை, தெளிவாகக் கேட்க வைத்தது. கவல்லோவுக்கு உரிய புகழை இதற்காகக் கொடுத்தே ஆக வேண்டும்.

பாடல்களின் பொருள் தனிமனித அனுபவம். அரசியல் முழக்கம் இல்லை. ‘லாங்வியூ’ வேலையில்லாமல், போக்கிடம் இல்லாமல், தொலைக்காட்சி முன்னால் மக்கிக் கிடக்கும் இளைஞனின் சலிப்பு. பேஸ் முனகிக்கொண்டே நடக்க, பல்லவியில் கிட்டார் வெடிக்கும். ‘பாஸ்கெட் கேஸ்’ திடீர்ப் பீதி நோயைப் பற்றியது. தமக்கு என்ன நேர்கிறது என்று மருத்துவப் பெயர் தெரியாத காலத்தில் ஆம்ஸ்ட்ராங் எழுதியது. பைத்தியம் பிடிக்கிறதோ என்ற அச்சத்தை ஓடும் மெட்டில் வைத்தார். ‘கமிங் கிளீன்’ தன் இருபால் ஈர்ப்பை ஓர் இளைஞன் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது. 1994-இல், அதுவும் ஆண்மைப் பெருமை பேசும் ராக் உலகில், அந்தப் பாடலுக்குத் துணிச்சல் வேண்டும். மனநோயும் பாலுணர்வுக் குழப்பமும் கோடிப் பதின்பருவத்தினர் பாடிக்கொண்டே பள்ளிக்குப் போகும் பாட்டாக மாறியதுதான், என் பார்வையில், இந்த ஆல்பத்தின் ஆகப்பெரிய சாதனை.

உறை ஓவியத்தை வரைந்தவரும் அந்த வட்டாரத்து ஓவியர் ரிச்சி புச்சர். பெர்க்லியின் டெலிகிராஃப் அவென்யூ மீது குண்டு விழுகிறது. தெரு நிறைய நாய்கள், குரங்குகள், பிளாக் சாபத்தின் முதல் ஆல்ப உறையில் நிற்கும் பெண், கூரைமேல் ஏசி/டிசியின் ஆங்கஸ் யங். கிழக்கு விரிகுடாவின் ஊர்க்கூட்டத்தையே கேலிச்சித்திரமாக வரைந்ததுபோல் இருக்கும்.

‘லாங்வியூ’ காணொளியைக் குழுவினர் குடியிருந்த வீட்டின் அடித்தளத்திலேயே மார்க் கோர் படம் பிடித்தார். எம்டிவி அதை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. ‘பாஸ்கெட் கேஸ்’ காணொளி கைவிடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. ‘வென் ஐ கம் அரவுண்ட்’ மாற்று ராக் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆகஸ்டில் வுட்ஸ்டாக் ’94 விழா. மழையில் சேறான மைதானம். கூட்டம் மேடை மீது சேற்றை வீச, குழுவும் திருப்பி வீசியது. மேடைக்கு ஓடிவந்த ரசிகர் என்று நினைத்து மைக் டர்ன்ட்டையே காவலர் ஒருவர் கீழே தள்ள, அவருக்குப் பல் உடைந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆம்ஸ்ட்ராங்கின் தாய் அதைப் பார்த்துக் கோபித்துக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் பாஸ்டனில் இலவசக் கச்சேரிக்குப் பல்லாயிரம் பேர் திரண்டு, கலவரமாகி, சில பாடல்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பில்போர்டு பட்டியலில் ஆல்பம் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1995-இல் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது.

வளர்த்த வீட்டின் கதவு அப்போது மூடியிருந்தது. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்குக் கில்மனில் மேடை இல்லை என்பது அந்தக் கூடத்தின் விதி. ‘மேக்சிமம் ராக்என்ரோல்’ 1994-இல் பெரிய நிறுவனங்களைச் சாடிச் சிறப்பிதழே வெளியிட்டது. கூடத்தின் சுவரில் ஆம்ஸ்ட்ராங் சாக வேண்டும் என்று யாரோ எழுதிவைத்தார்கள். அவருக்கு அது ஆறாத காயம். 1995-இல் வந்த ‘இன்சோம்னியாக்’ ஆல்பத்தில் ‘86’ என்ற பாடல் அந்த விலக்கைப் பற்றியதே.

சுவரில் எழுதியது கொடுமை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் விதி சரியானதே. பிரபலக் குழு ஒன்று சிறிய கூடத்தில் வாசித்தால் வாசலில் கூட்டம் நெரியும். அடுத்த வாரம் முதன்முறையாக மேடை ஏறவேண்டிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இடம் போய்விடும். கில்மன் கிரீன் டேயை வளர்த்தது எந்தக் கொள்கையாலோ, அதே கொள்கையால்தான் அவர்களை வெளியே நிறுத்தியது. கிரீன் டே போனதும் தவறில்லை. தங்கள் பாடல்கள் இன்னும் தூரம் போகவேண்டும் என்று நினைக்க இருபது வயதுக்காரர்களுக்கு உரிமை உண்டு. ‘டூக்கி’ விற்க விற்கப் பழைய இரண்டு ஆல்பங்களும் சேர்ந்து விற்றன. அந்த வருமானத்தில் லுக்அவுட் பல ஆண்டுகள் புதிய குழுக்களை வெளியிட்டது. பின்னர் நிர்வாகம் மாறி, உரிமத்தொகை பாக்கி விழுந்ததால் 2005-இல் குழு தன் பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2015-இல், ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்ட அதே ஆண்டில், கிரீன் டே கில்மன் மேடையில் நிதிதிரட்டும் கச்சேரி ஒன்றில் மீண்டும் வாசித்தது.

2024-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘டூக்கி’யைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் கில்மன் தெருவில் தரை கூட்டியவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்த உரையை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வெல்கம் டு பாரடைஸ்’ என்ற பாடல் ‘கெர்பிளங்க்’கிலும் உண்டு, ‘டூக்கி’யிலும் உண்டு. மேற்கு ஓக்லாந்தில் பாழடைந்த கட்டடத்தில் குடியிருந்த நாட்களைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் எழுதியது. முதலில் ‘கெர்பிளங்க்’ பதிவைக் கேளுங்கள், உடனே ‘டூக்கி’ பதிவைக் கேளுங்கள். எது லுக்அவுட் காலத்திலேயே முழுதாக இருந்தது, எது பெரிய கூடத்தில் கூடியது என்பதை உங்கள் காதே பிரித்துச் சொல்லிவிடும்.