அவசர ஊர்தி: சலுகை யாருக்கு, தண்டனை யாருக்கு?



சித்தூரில் மாவட்ட மருத்துவமனை கைவிரித்துவிட்டால் நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்: வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் திருப்பதி, மாநில எல்லைக்கு அப்பால் சுமார் 35 கிலோமீட்டரில் வேலூர். அச்சாலைகளில் விரையும் அவசர ஊர்திக்குச் சட்டம் சில விலக்குகளை வழங்கியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, உயிர் காக்கச் செல்லும் ஊர்தி சிவப்பு விளக்கைக் கடக்கலாம். வேக வரம்பை மீறலாம். அதற்கு வழிவிடாதோருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் திருத்தம்.

ஆயினும் இவ்விலக்கு நிபந்தனைக்கு உட்பட்டது. உரிய கவனத்தோடும் பொறுப்போடும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கவனக்குறைவால் உயிர் பறிபோனால் ஓட்டுநர்மீது குற்றவழக்கு உண்டு. முன்பு இரண்டாண்டாக இருந்த உச்சபட்சச் சிறைத் தண்டனை, 2024 ஜூலை 1 முதல் ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது. பாதசாரியின் உயிரும் உயிர்தான். இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கேள்வி வேறு: கூண்டில் ஓட்டுநர் மட்டும் நிற்பது ஏன்?

ஆந்திரத்தில் 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று சத்யம் குழுமத்தாரின் அறக்கட்டளை வழியே தொடங்கியது, பின்னர் ஜி.வி.கே. வந்தது, 2020இல் அரவிந்தோ குழுமம் வந்தது. நிர்வாகங்கள் மாறின, ஒப்பந்தமுறை மாறவில்லை. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. 108 ஊழியர்களோ பன்னிரண்டு மணிநேரப் பணிக்கு எதிராக இன்றும் போராட வேண்டியுள்ளது. உறக்கமிழந்த கண்களிடம் உரிய கவனத்தைக் கோரும் அரசு, அந்தப் பணிநேரத்தை வகுத்தவரிடம் எதைக் கோருகிறது? அரசு ஜீப் மோதி ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில், ஓட்டுநரின் தவறுக்கு அரசும் இழப்பீட்டுப் பொறுப்பாளியே என 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஆட்சியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி திருப்பதி ருயா மருத்துவமனை. 2021 மே 10 இரவு, திருப்பெரும்புதூரிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் லாரி தாமதமானதில், அரசுக் கணக்கின்படியே 11 கொரோனா நோயாளிகள் மாண்டனர். ஆக்சிஜன் லாரிகள் ஆம்புலன்சுக்கு நிகராகக் கருதப்பட்ட காலம் அது. இருப்பை உறுதிசெய்யாத நிர்வாகத்தின் பிழையை எந்தச் சைரனால் ஈடுகட்ட முடியும்?

அதே மருத்துவமனையில் 2022 ஏப்ரலில் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பத்து வயதுச் சிறுவனின் உடலை, 90 கிலோமீட்டர் அப்பாலுள்ள சிட்வேலுக்குத் தந்தை இருசக்கர வாகனத்தில் சுமந்து சென்றார். தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்ட தொகை 10,000 ரூபாய். அவருக்காக வெளியிலிருந்து வந்த ஊர்தியையும் அவர்கள் உள்ளே விடவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் சிலர் கைதாயினர்; மருத்துவமனை அதிகாரி ஒருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

இங்கே ஓட்டுநர்களின் பக்கம் நியாயம் தேட வேண்டியதில்லை. ஆம்புலன்சுக்கு மட்டுமே பயன்படும் ஊர்திக்குப் போக்குவரத்து அனுமதிச் சீட்டே தேவையில்லை என மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு விலக்களிக்கிறது. உயிர் காக்கத் தரப்பட்ட அச்சலுகை, வாயிலை வளைத்த கும்பலுக்கு வசதியாயிற்று. அரசு மருத்துவமனைதோறும் கட்டணப் பலகையும் இலவச அமரர் ஊர்தியும் வேண்டும். 108 ஊழியருக்கு எட்டு மணிநேரப் பணி வேண்டும். விபத்து வழக்குகளில் பணிநேரப் பதிவேட்டோடு ஒப்பந்தக்காரரும் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட வேண்டும்.