ஏட்டுச் சுரைக்காயும் கொம்பியூட்டர் சுரைக்காயும்

(எமது சங்கம் ஸ்காபரோவில் நடத்திய கல்வி மாலையில் ஆற்றப்பட்ட உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



"கல்வியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முன்னாலே பேசியவர் ஒரு கணக்காளர். எனக்குப் பின்னாலே பேச இருப்பவர் ஒரு டொக்டர். நான் ஏ.எல். வர்த்தகப் பிரிவோடு படிப்பை நிற்பாட்டினவன். 2010இல் இங்கே வந்து, 2011இல் இருந்து வாகன உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. நேற்றும் இரவு ஷிஃப்ட். இடையிலே கொட்டாவி விட்டால் குறை நினையாதேங்கோ.

ஆனாலும் பேசச் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னுடைய அக்காவின் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். அதிலே தகவல் முறைமைகளை எப்படி முகாமை செய்வது என்று ஒரு பாடம். போன வருஷம் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவர் ஒரு வேலை கொடுத்தாராம்: "இந்தப் பாடம் பழசாகிப் போய்விட்டது. எதை எடுத்துப்போட்டு எதைப் புதிதாய்ச் சேர்க்கலாம் என்று நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்." பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, உங்கட பக்டறியிலை என்ன சிஸ்டம் பாவிக்கிறீங்கள்?"

அன்றைக்கு நாங்கள் கதைத்ததைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலிலே, தகவல் முறைமை என்றால் என்ன? ஊரிலே என்னுடைய அப்பா ஒரு சின்னக் கடை வைத்திருந்தவர். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ரின் பால்மா, எல்லாம் அதிலேதான். அந்தக் கொப்பி, அதை எழுதுகிற அப்பா, அதை நம்பிச் சாமான் அனுப்புகிற மொத்த வியாபாரி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் தகவல் முறைமை. கொம்பியூட்டர் வந்து கொப்பியின் இடத்தைத்தான் பிடித்தது. அப்பாவின் இடத்தை இன்னும் பிடிக்கவில்லை. இதை மறந்துபோகிற இடத்திலேதான் எல்லாப் பிழையும் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1960களின் கடைசியிலேயே இதை ஒரு தனிப் படிப்பாகத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எல்லா வர்த்தகப் பள்ளிகளுக்கும் பரவியது. 2003இல் நிக்கலஸ் கார் என்பவர், மின்சாரம் மாதிரிக் கொம்பியூட்டரும் எல்லோரிடமும் இருக்கிற சாமானாகிவிட்டது, அதனாலே இனி ஒருவனுக்கு மற்றவனை விடத் தனியான இலாபம் இல்லை என்று எழுதிப் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பினார். மருமகளின் கடதாசிகளில் இதெல்லாம் இருந்தது. வென்ற கம்பனிகளின் கதை நிறைய இருந்தது. நான் கேட்டேன்: "பிள்ளை, தோற்ற கதை எங்கே? அதுவும் எங்கட கனடாக் கதை எங்கே?"

ரார்கெற் கடை உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். 2011இல் அந்த அமெரிக்கக் கம்பனி, செல்லர்ஸ் கடைகள் இருந்த இடங்களின் குத்தகை உரிமையை ஹட்சன்ஸ் பே கம்பனியிடம் இருந்து 182 கோடி டொலருக்கும் மேலே கொடுத்து வாங்கியது. 2013 மார்ச்சில் முதல் கடைகளை ஒன்ராறியோவில் திறந்தார்கள். கடைசியில் நாடு முழுக்க 133 கடைகள். நானும் ஆசையாய்ப் போய்ப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் வடிவாக இருந்தது, ஆனால் தட்டுகள் வெறுமை. 2015 ஜனவரியிலே, "நாங்கள் போகிறோம்" என்று அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் எல்லாக் கடையும் பூட்டு. ஏறத்தாழ 17,600 பேருக்கு வேலை போனது. அதிலே எங்கட ஆட்களும் இருந்திருப்பார்கள்.

ஏன் தட்டு வெறுமையாக இருந்தது? சாமான் இல்லாமல் இல்லை. களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. லொறிகள் இறக்க இடமில்லாமல் நின்றன. 2016இல் 'கனேடியன் பிஸ்னஸ்' சஞ்சிகை இதை விபரமாய் எழுதியது. கனடாவுக்கென்று எஸ்.ஏ.பி. என்ற புது முறைமையைப் போட்டார்கள். பல்லாயிரம் சாமான்களின் விபரங்களைக் குறுகிய காலத்துக்குள் கையாலே பதிய வேண்டியிருந்தது. பதிந்தவர்கள் பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் பிள்ளைகள். நீளம், அகலம், உயரம் மாறிப் போனது. சென்ரிமீற்றர் போட வேண்டிய இடத்தில் அங்குலம் போனது. பெட்டி ஒன்று, கொம்பியூட்டரிலே பெட்டி வேறொன்று. அப்படியென்றால் லொறியில் எத்தனை ஏற்றலாம், தட்டிலே எத்தனை வைக்கலாம் என்ற கணக்கு எப்படிச் சரிவரும்? அமெரிக்காவிலே 98, 99 வீதம் சரியாக இருந்த தரவு, இங்கே 30 வீதமளவுதான் சரியாக இருந்ததாம்.

அதைவிட ஒரு சங்கதி. சாமான் குறைந்தால் தானாகவே ஓடர் போடுகிற வசதி அந்த முறைமையில் இருந்தது. "உன்னுடைய பகுதியில் எத்தனை வீதம் சாமான் கையிருப்பில் இருக்கிறது" என்று மேலிடம் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லாத சாமானுக்கு அந்த வசதியை நிற்பாட்டிவிட்டால், அந்தச் சாமான் குறைந்ததாகவே அறிக்கையில் வராது. சிலர் அதைத்தான் செய்தார்கள் என்று அந்தச் சஞ்சிகை எழுதியது. தட்டு வெறுமை, அறிக்கை நிறைவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கட ஆட்கள் எப்பவோ சொல்லி வைத்தார்கள். இது கொம்பியூட்டர்ச் சுரைக்காய்.

மருமகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "ஏன் மாமா அப்படிச் செய்தவை? மோசமான ஆட்களோ?" இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைச் செய்தவன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஸ்கிட்டுக்கும் ஒரு ஒட்டுத்துண்டு. ஸ்கானராலே அடிக்க வேண்டும். பழுதான பாகத்தைத் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு ஏழு திரை தாண்டிப் போக வேண்டும். அந்த நேரம் மெஷின் நிற்காது. மணிக்கு எத்தனை செய்தாய் என்ற கணக்கும் நிற்காது. ஏஜென்சியால் வருகிற ஆட்களுக்குத் தனி இலக்கம் கொடுப்பதில்லை. ஒருவருடைய இலக்கத்திலே நாலு பேர் அடிப்பார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரம் சுப்பவைசர், "எல்லாம் நல்லது எண்டு அடிச்சு விடு, பிறகு பாப்பம்" என்பார். அடித்துவிடுவேன். கொம்பியூட்டரிலே நாற்பது பெட்டி இருக்கும். போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு. இருக்குது என்று நம்பின அலுவலகம் மூலப்பொருளை ஓடர் பண்ணாது. ஒரு வியாழக்கிழமை மெஷின் நின்றுபோகும். "வீட்டை போங்கோ" என்று எங்களை அனுப்புவார்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லை. நான் அடித்த பொய் என்னுடைய பொக்கற்றிலேயே வந்து கை வைத்தது.

இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். நாங்கள் இரண்டு பேருமாக மூன்று கேள்விகளை எழுதி வைத்தோம். எந்த முறைமையைப் படித்தாலும் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். ஒன்று: இதிலே முதல் இலக்கத்தை அடிக்கிறவர் யார்? இரண்டு: அதைச் சரியாக அடிக்க அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்களா? மூன்று: பிழை வந்தால், அது யாரைச் சுடுகிறதோ அவராலே அதைத் திருத்த முடியுமா?

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றையும் பார்த்தோம். 2016 பெப்ரவரியில் மத்திய அரசாங்கம் பீனிக்ஸ் என்ற சம்பள முறைமையைத் தொடங்கியது. ஏறத்தாழ 290,000 ஊழியர்களின் சம்பளம் அதிலே. செலவைக் குறைக்கிறோம் என்று, அனுபவப்பட்ட சம்பள ஆலோசகர்களின் வேலைகளை முன்கூட்டியே எடுத்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக்கில் மிரமிச்சி என்ற ஊரிலே ஒரே நிலையம் வைத்தார்கள். சோதனை ஓட்டத்தையும் கைவிட்டார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூட வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். 2018இல் கணக்காய்வாளர் நாயகம் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்றார். எனக்கு விளங்கியது. கொப்பியை மாற்றும்போது அப்பாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2022 ஜூலை 8ஆம் திகதி ரொஜர்ஸ் நின்றது ஞாபகம் இருக்கிறதா? 120 இலட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்கள். கடையிலே டெபிற் கார்ட் வேலை செய்யவில்லை. சிலராலே 911 கூட எடுக்க முடியவில்லை. பராமரிப்பு வேலையில் செய்த ஒரு மாற்றம், முழு நாட்டையும் நிற்பாட்டியது. 2023 ஒக்ரோபரிலே ரொறன்ரோ பொது நூலகத்தைக் கப்பக் கள்ளர் தாக்கினார்கள். நூறு கிளைகள். கட்டடங்கள் திறந்தே இருந்தன, ஆனால் பொதுக் கொம்பியூட்டர்கள் மாதக்கணக்கில் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் பத்து இலட்சமளவு புத்தகங்கள் ட்ரெய்லர்களில் கிடந்தன. வேலை செய்தவர்களின் சொந்த விபரங்களும் களவு போயின. அகதிக் கோரிக்கைக்குப் போம் பிரதி எடுக்க நூலகத்தைத்தானே நாங்கள் நம்பியிருக்கிறோம்? இதுவும் பாடத்திலே வர வேண்டும்.

இப்போது செயற்கை அறிவு என்று எல்லோரும் கதைக்கிறார்கள். அதற்கும் ஒரு கனடாக் கதை. பாட்டியின் செத்தவீட்டுக்கு ரொறன்ரோ வர இருந்த ஒருவருக்கு, எயர் கனடாவின் இணையத்தில் பதில் சொல்லுகிற இயந்திரம், முழு விலைக்கு ரிக்கெற் எடுத்துவிட்டுப் பிறகு கழிவு கேட்கலாம் என்று பிழையாகச் சொன்னது. கம்பனி காசு தர மறுத்தது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒரு தீர்ப்பாயம், இயந்திரம் சொன்னதற்கும் கம்பனிதான் பொறுப்பு என்று சொல்லி, எண்ணூறு டொலருக்குச் சற்று மேலே கொடுக்க வைத்தது. தொகை சின்னது. தீர்ப்பு பெரியது.

மூன்றாவது கேள்வியை நான் ஏன் சேர்த்தேன் என்று மருமகளுக்கு அன்று சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நான் பிறந்தது மார்ச் ஏழாம் திகதி. ஒரு போமிலே நாள் முன்னுக்கு, இன்னொன்றிலே மாதம் முன்னுக்கு. யாரோ ஒருவர் எங்கேயோ மாற்றி அடித்துவிட்டார். ஒரு கடதாசியில் மார்ச் 7, இன்னொன்றில் ஜூலை 3. "உமக்கு ஏன் இரண்டு பிறந்த நாள்?" என்று கேட்டார்கள். என்னுடைய வதிவிட அனுமதி அதோடு நின்றது. ஒவ்வொரு இடமாகப் போனேன். "சிஸ்டத்திலை அப்பிடித்தான் இருக்கு" என்றார்கள். திருத்தப் பதினான்கு மாதம் எடுத்தது. அந்தப் பதினான்கு மாதத்துக்குள் அப்பாவுக்கு வருத்தம் கடுமையாகி, வைத்தியத்துக்குத் திருச்சிக்குக் கொண்டு வந்தார்கள். இங்கிருந்து வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. போகவில்லை. அவர் அங்கேயே காலமானார். அங்குலமும் சென்ரிமீற்றரும் மாறினதாலே ஒரு கம்பனி காசை இழந்தது. நாளும் மாதமும் மாறினதாலே நான் இழந்ததை எந்தக் கணக்கிலே எழுதுகிறது?

மருமகளின் குழு, ஒவ்வொரு மாணவரும் ஒரு நாள் ஒரு களஞ்சியத்தின் சாமான் இறக்குகிற வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. காப்புறுதிப் பிரச்சினை என்று அது சரிவரவில்லை. அதற்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து, சேப்ரி சப்பாத்தோடேயே போய், தெரிந்த ஆங்கிலத்தில் இருபது நிமிஷம் பேசினேன். ஒரு பையன் கேட்டான்: "பழுதைப் பதிய நேரமில்லை என்று நீங்கள் ஏன் மேலிடத்துக்குச் சொல்லவில்லை?" நான் சொன்னேன்: "தம்பி, அதை எழுதுகிறதுக்கு அந்த ஏழு திரையிலும் ஒரு பெட்டி இல்லை." வகுப்பு சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது போதும்.

தம்பி தங்கைமாரே, நீங்கள் படியுங்கோ. எம்.பி.ஏ.யும் படியுங்கோ. நாளைக்கு நீங்கள்தான் அந்தத் திரைகளை வடிவமைக்கிற கதிரையில் இருப்பீர்கள். அப்போது உங்கட அம்மா அப்பா எந்த வாசலில் நின்று ஸ்கானர் அடித்தார்கள் என்பதை மறவாதேங்கோ. முறைமையை வாங்குமுன் அந்த வாசலுக்குப் போய், நிற்கிறவரிடம் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கோ.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தாண்டு புதுக்கணக்கு எழுதுகிற நாள். வருஷம் பிறக்க முதல் அப்பா கடையைப் பூட்டிவிட்டு, கொப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டையையும் மற்றக் கையாலே தொட்டு எண்ணுவார். கொப்பியும் மூட்டையும் ஒத்துவந்தால்தான் புதுக் கொப்பி திறப்பார். நீங்களும் இன்றிரவு உங்கட கடதாசிகள் எல்லாவற்றையும் மேசையிலே வையுங்கோ. பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, ஒவ்வொன்றையும் விரலாலே தொட்டுப் பாருங்கோ. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்பவே திருத்தக் கேளுங்கோ. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கோ. சனிக்கிழமைகளில் மருமகளும் நானும் இருப்போம்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.