சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்தோத்திரம்



குடும்பமும் நன்றியறிதலும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இப்பொருளில் வாய்திறக்கும் எவரும் முதற்கண் திருவள்ளுவரிடம் செல்வது வழக்கம். மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரமும் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்த அப்பெருமகனாரைத் தூரத்தே நின்று வணங்கிவிட்டு, அடுப்பங்கரைக்கும் பாடசாலை வானுக்கும் நடுவே அன்றாடம் அல்லற்படுகிற நம் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றின் வாசலில் போய் நிற்கவே நான் விரும்புகிறேன்.

அந்த வீட்டை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன் எழுந்து, சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே மூத்தவனுக்குச் சப்பாத்துத் தேடிக் கொடுத்து, இளையவள் கவிழ்த்த பாலைத் துடைத்து, பெராதெனியா வீதி நெரிசலில் அரைமணி நேரம் நின்று, மாலையில் மழையில் நனைந்து திரும்பி, வீட்டுப்பாடம் என்னும் போர்க்களத்தைக் கடந்து, இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபத்துக்காகப் பாயில் அமர்கிற தாய்தந்தையரிடம், இனி மனம் நிறைந்து ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்று சொல்வதற்கு யாருக்குத்தான் தைரியம் வரும்? ஒரு பிள்ளை தூங்கி விழுகிறது. மற்றொன்று தங்கையைக் கிள்ளுகிறது. தகப்பனோ கண்ணை மூடியவாறே நாளைய கடன் தவணையைக் கணக்குப் பார்க்கிறார். ஆகையால் அவர் வாயிலிருந்து வருகிற ஜெபம், நேற்று வந்ததும் முந்தாநாள் வந்ததுமான அதே ஜெபம். சகல நன்மைகளுக்காகவும் சகல உபகாரங்களுக்காகவும் ஒரே மூச்சில் ஸ்தோத்திரம் சொல்லி முடிந்துவிடுகிறது.

ஆனால் அதே பாயில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை ஜெபிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள், உடவத்தகலைக் காட்டிலிருந்து வந்த குரங்குகள் கொய்யா மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போன மாலையில், எங்கள் சின்னவள் கைகூப்பி, ஒரே ஒரு பழத்தை விட்டுவிட்டுப் போன அந்தக் கடைசிக் குரங்குக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அதற்குப்பின் ஓட்டோ மாமாவுக்காக. அதற்குப்பின் குடையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கவிட்ட ஒரு பொலிஸ் அக்காவுக்காக. எங்களுக்குச் சிரிப்பு வந்தது என்பது மெய்தான். எனினும் நான் பின்னர் எண்ணிப் பார்க்கையில், அன்று எங்கள் வீட்டில் ஏறெடுக்கப்பட்ட ஜெபங்களில் அந்தக் குழந்தையினுடையது ஒன்றே ஸ்தோத்திரம் என்னும் பெயருக்குத் தகுதியானது என்று எனக்குப் பட்டது. ஏனெனில், யார் செய்தது, என்ன செய்தது என்பதை அது மறக்கவில்லை. நாமோ நன்மையை மட்டும் பெற்றுக்கொண்டு, அதைக் கொண்டுவந்த கையைக் கூட்டத்தில் தொலைத்துவிடுகிறோம்.

இந்த நாட்டின் சரித்திரத்திலேயே அவ்வாறு தொலைந்துபோன கைகள் அநேகம். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின், கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அச்சபையார் மேய்ப்பனில்லாமல் இருந்தார்கள். 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் கந்தல் அணிந்த பரதேசியாய் வந்து இறங்கியபோது, கழுத்திலே செபமாலை தரித்து வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்று, அதைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று பார்த்தே தம் மக்களை இனங்கண்டார் என்பது பாரம்பரியம். அவர் 1692 இல் இந்தக் கண்டி மாநகருக்கு வந்து ஒற்றனென்ற சந்தேகத்தில் சிறைப்பட்டதும், 1697 இல் இந்நகரில் வைசூரி பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தம் கையாலேயே கழுவி, ஊட்டி, அடக்கஞ்செய்ததும், 1711 இல் இதே கண்டியில் உயிர்நீத்ததும், 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததும் நீங்கள் அறிந்தவையே. அவருக்கு நாம் பெயர் சொல்லி நன்றி கூறுகிறோம், அது முறை. ஆயினும் செபமாலையைக் கண்டு மலர்ந்த அந்த முகங்கள் எப்படி வந்தன? கோயிலும் குருவும் பூசையும் இல்லாத அந்த முப்பது ஆண்டுகளில், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைத் தாழ்த்திவைத்து, முரண்டு பிடிக்கும் குழந்தைகளை மடியில் இருத்தி, அவர்கள் வாயில் ஜெபத்தை ஏற்றிய தாய்மார் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பிள்ளைகள் அடங்கி உட்காரவில்லையே என்று நொந்துகொள்ளும் இக்காலத் தாய்மாருக்கு அவர்களே முன்னோர்.

இனி, மலைமேல் ஏறுவோம். கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை ஊடாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த நம்மவர்க்காக 1854 இல் இங்கே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வருவிக்கப்பட்டார்கள். செலவில் பெரும்பங்கைத் தோட்டத் துரைமாரே ஏற்றார்கள். பின்பு 1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், கோப்பி நோயில் மடிந்ததும், மலையெல்லாம் பச்சைக் கம்பளமாயிற்று என்று பாடப்புத்தகம் எழுதும். அந்தக் கம்பளத்தின் அடியில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்தன. அந்த லயத்துக் காம்பரா ஒன்றில்தான் என் தாயைப் பெற்ற அம்மாயி குடித்தனம் நடத்தினாள்.

காலைப் பெரட்டுக்கு ஓடுமுன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வாள். கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரே அதை மீண்டும் தூக்குவாள். அவ்வளவு அவசரத்திலும் அவள் தவறாது செய்தது ஒன்று உண்டு. உலைக்கு அரிசியை அளந்து சுளகில் இட்டபின், அளந்ததிலிருந்தே ஒரு பிடியை எடுத்து, இஸ்தோப்பு மூலையிலிருந்த சிறுபானையில் போடுவாள். அதுதான் பிடியரிசி, தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் பலரும் கைக்கொண்ட வழக்கம். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் அரிசி அற்ற வீட்டுக்கே போகும். இவ்வழக்கத்தில் என்னை வியக்கவைப்பவை இரண்டு. உண்டு மிஞ்சியதிலிருந்து கொடுப்பதன்று அது. தன் பிள்ளைகளின் வயிற்றுக்கென்று அளந்ததிலிருந்து எடுப்பது. மற்றது, அந்தப் பிடியை அள்ளும் வேலையை அவள் பிள்ளைகளிடமே முறைவைத்து விட்டுவிடுவாள். என் தாயார் சொல்வார்: அரிசி தட்டுப்பாடான மாதங்களில் அம்மாயி கடைக்குட்டியையே கூப்பிடுவாளாம்; ஏனெனில் அவன் கைதான் மிகச் சிறியது! பக்தியும் சிக்கனமும் ஒரே வீட்டில் வாசஞ்செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நன்றி சொல், நன்றி சொல் என்று பிள்ளையின் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதைவிட, அதன் கையில் ஒரு பிடி அரிசியை அள்ளவிட்டது மேலான போதனை என்பது என் துணிபு.

இவ்விடத்தில் ஒன்றை மனந்திறந்து சொல்லியாகவேண்டும். நன்றியறிதல் என்னும் இந்தத் திவ்வியமான குணத்தை எளியவன் வாயைக் கட்டும் கயிறாகப் பாவித்தவர்களும் உண்டு. கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல், மேலே கேளாதே என்று பிரசங்கபீடத்திலிருந்தே மலையக மக்களுக்கு உபதேசித்த காலம் ஒன்று இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை ஒரு பட்டியலிலுமாய்ப் பிரிந்து, தலைமன்னாருக்குச் செல்லும் இரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே ஜனங்கள் அழைக்கும்படியாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு முழுமையாகப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு நாட்கூலி ஆயிரம் ரூபாயாகப் பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மக்களைப் பார்த்து, உங்களிடம் நன்றியில்லை என்று சொல்ல யாருக்கு நா எழும்? கணக்குப் பார்த்தால் கடன்பட்டவர்கள் நாமல்லவா? நாம் தினமும் அருந்தும் தேத்தண்ணியில் அவர்கள் பிரயாசை இருக்கிறது. அந்தப் பிரயாசையை அறிந்து நன்றி சொல்லுகிறவன், அதற்குரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் இருக்கமுடியாது. இதே கண்டியில் 1972 இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின்கீழ் வாழவைத்து, தோட்டத் தொழிலாளருக்காகத் தம் ஆயுள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்த இயேசுசபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர்.

நன்றியறிதலுக்குத் தோட்டத்துக் குடும்பத்தில் நேர்ந்த இடையூறு அந்த அநீதி என்றால், பட்டணத்துக் குடும்பத்தின் இடையூறு வேறு; அதை ஒரு சித்திரம் காட்டும். திரித்துவக் கல்லூரியின் ஆலயத்துக்குப் போனவர்கள், கண்டிய இராச்சியத்து மண்டபம் போலச் சுவர்களின்றிக் கருங்கல் தூண்கள்மேல் நிற்கும் அக்கட்டடத்தில், டேவிட் பெயின்ரர் தீட்டிய சித்திரங்களைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900 இல் அல்மோராவில் பிறந்த அவர், தம் பெற்றோர் நுவரெலியாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தின் சூழலை அறிந்தவர். அக்கல்லூரியில் சித்திரம் கற்பித்தவர். அச்சித்திரங்களில் ஒன்றின் பொருள், செபெதேயுவின் மனைவி தன் குமாரர் இருவரையும் இயேசுவின்முன் கொண்டுவந்த சம்பவம். ஒருவனை வலது பக்கத்திலும் ஒருவனை இடது பக்கத்திலும் உட்காரவைக்கவேண்டும் என்பது அவள் விண்ணப்பம். மாற்குவின் சுவிசேஷத்தில் மக்கள் இருவரும் தாமே கேட்கிறார்கள்; மத்தேயுவில்தான் தாய் முன்னிற்கிறாள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்திய எந்தத் தாயும் மத்தேயுவின் பக்கமே சாய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பத்து வயதுக் குழந்தை. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். ஆராதனையைவிட்டு மாதிரி வினாத்தாள். பெறுபேறு வந்த அன்று, வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், உறவினர்க்கு இனிப்பு. கீழே நின்றால் இழவு விழுந்த வீடு. அயலான் பிள்ளையின் புள்ளியை அறியும்வரை நம் பிள்ளையின் புள்ளி நல்லதா கெட்டதா என்றே நமக்குத் தெரிவதில்லை! இப்படிப்பட்ட வீட்டில் ஜெபம் இருக்கலாம், வேதவாசிப்பு இருக்கலாம், சுவரில் வசனமும் தொங்கலாம். ஆனால் ஒப்பிடுதல் வந்து குடியேறியபின் நன்றி அங்கே தங்குவதில்லை. செபெதேயுவின் மனைவியான அந்தத் தாயை ஆண்டவர் கடிந்து விரட்டவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிள்ளைக்கு மேன்மை விரும்புவது பாவமன்று. அவர்கள் கேட்பது இன்னதென்று அவர்களுக்கே தெரியவில்லை என்பதைத்தான் அவர் உணர்த்தினார்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசை, பால்மா இல்லை, நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. அந்த இருட்டில் எங்கள் ஒழுங்கையிலே, ஒரு வீட்டுக்காரர் விறகடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பச்சைப் பிள்ளைக்கு அனுப்பினார். பால்மாப் பைக்கற்று ஒன்றை மூன்று வீடுகள் பகிர்ந்துகொண்டன. அவ்வீடுகளில் ஒன்று பௌத்த வீடு, ஒன்று முஸ்லிம் வீடு. அந்த மாதங்களில் எங்கள் குடும்ப ஜெபத்தில் பெயர்கள் தாமாகவே வந்து விழுந்தன. மின்சாரம் திரும்பியது; பெயர்கள் குறைந்தன. இது எல்லா வீட்டிலும் நடந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஆகவே இச்சபைக்கு நான் முன்வைக்கும் யோசனை ஒன்றே. பிடியரிசிப் பானையை நம் வீடுகளில் திரும்பவும் வைப்போம். அரிசி அள்ளும் வேலை வீட்டிலுள்ள மிக இளையவருடையதாய் இருக்கட்டும். அள்ளும்போது அன்று தனக்கு உதவிய ஒருவரின் பெயரை அவர் சொல்லட்டும், அவர் எந்த மதத்தவராயினும் சரி. மாதம் ஒருமுறை அந்த அரிசியை ஒன்றுசேர்த்து, இந்நகருக்கு மேலே ஹந்தானை மலைச்சாரலில் உள்ள பிள்ளைக் காம்பராக்களுக்குக் கொண்டுசெல்வோம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லவேண்டும். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், அங்குள்ள குழந்தைகளோடு அவர்கள் ஒரு மாலை விளையாடவேண்டும். பெரியவர்கள் அங்குள்ள தாய்மாரிடம் கூலியும் வீடும் எப்படி என்று விசாரிக்கவேண்டும். வான் செலவை யார் ஏற்பது, எந்த மாதத்தில் தொடங்குவது என்பவற்றைக் காரியதரிசி அவர்கள் இன்றே குறித்துக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வருவார்கள். சின்னவள் வழியெல்லாம் பேசுவாள் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்.