யேர்மனியில் ட்ரோன் பறக்கவிடுதல்: பெற்றோரும் இளையோரும் அறியவேண்டிய சட்டங்கள்



கணினி வகுப்புகளில் தொண்டராகப் பணியாற்றும் என்னிடம் அண்மைக்காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா கணினி பற்றியதன்று. "பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு ட்ரோன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். 250 கிராமுக்குக் குறைந்ததுதானே, அதற்குப் பதிவு ஒன்றும் தேவையில்லைத்தானே?" என்பதே அவ்வினா. 250 கிராம் என்ற எண் சட்டத்தில் உள்ளது உண்மை. ஆனால் அதை மட்டும் நம்பி வானில் ஏற்றுவது ஆபத்தானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 இலக்க விதிமுறை 2020 டிசெம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 250 கிராமும் அதற்கு மேலும் எடைகொண்ட ட்ரோனைப் பறக்கவிடுபவர் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்குக் குறைந்த எடையாயினும், கமரா பொருத்தப்பட்டிருந்தால் பதிவு கட்டாயம். விளையாட்டுப் பொருள் என்ற சட்ட வரையறைக்குள் அடங்குபவை மட்டுமே விலக்கு. கடைகளில் நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் 249 கிராம் ட்ரோன்கள் படம் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே அவற்றுக்கும் பதிவு வேண்டும்.

பதிவு, பிரவுன்ஸ்வைக் நகரிலுள்ள லுஃப்ட்ஃபார்ட் புண்டெஸாம்ட் எனப்படும் வான்போக்குவரத்து அலுவலகத்தில் இணையவழியாக நடைபெறுகிறது. பதிவாவது ட்ரோன் அன்று, அதை இயக்குவதற்குப் பொறுப்பான மனிதர். கிடைக்கும் இலக்கத்தை ட்ரோனில் ஒட்டவேண்டும். தந்தையின் பெயரில் பதிவிருந்தால், சட்டத்தின் முன் பதில் சொல்லவேண்டியவரும் தந்தையே.

யேர்மனியில் தனியே பறக்கவிடுவதற்குரிய வயது 16. அதற்குக் குறைந்தவர்கள், 16 வயதைக் கடந்து உரிய தகுதியும் உடைய ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பறக்கவிடலாம். மகன் பறக்கவிட, அருகில் வாங்கில் அமர்ந்து கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தந்தை மேற்பார்வையாளர் ஆகமாட்டார். 250 கிராமும் அதற்கு மேலுமாயின் இணையவழிப் பரீட்சையிலும் தேறவேண்டும். 40 வினாக்கள், தேறுவதற்கு 75 விழுக்காடு, சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். எடை குறைந்த ட்ரோன் வைத்திருப்போரும் பிள்ளையுடன் சேர்ந்திருந்து இதை எழுதுவது நல்லது என்பது என் கருத்து. டொச் மொழி கடினமென்றால் பிள்ளை விளக்கிச் சொல்லட்டும். அவர்களுக்கும் அது பெருமையே.

அடுத்தது காப்புறுதி. எத்தனை சிறிய ட்ரோனாயினும் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். உங்கள் தவறின்றியே விபத்து நேர்ந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது என்கிறது யேர்மனிய வான்போக்குவரத்துச் சட்டம். வீட்டிலுள்ள ஹாஃப்ட்ஃப்லிக்ட் ஒப்பந்தம் ட்ரோனை உள்ளடக்குகிறதா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொன்ன சொல் பின்னர் உதவாது.

இனி, நம்மவர்க்கு மிக நெருக்கமான ஓரிடத்தைக் கொண்டு சட்டத்தை விளக்க விரும்புகிறேன். ஹம் நகரின் உவென்ட்றொப் பகுதியில், 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தை அறியாதோர் இங்கு இலர். தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். தேர் அசைந்து வரும் காட்சியை மேலிருந்து படமெடுக்க எந்த இளைஞனுக்கும் ஆசை வரும்.

ஆனால் மக்கள் கூட்டத்தின் மேல் ட்ரோன் பறப்பதைப் பொதுவான திறந்த வகை விதிகள் முற்றாகத் தடைசெய்கின்றன. கூட்டம் என்பதற்குச் சட்டம் தலைகளை எண்ணவில்லை. நெருக்கத்தால் விலகி ஓட இயலாத நிலையில் மக்கள் நின்றால் அது கூட்டம். வடம் பிடிப்போரும், குழந்தையைத் தோளில் ஏற்றி நிற்போரும் எங்கே விலகுவது? 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிடின், மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடும். காற்று அதைச் சற்றுக் குறைக்கலாம். கீழே நிற்பவரின் தலைக்கு அது போதாது.

மேலும், அம்பாள் தீர்த்தமாடும் டாட்டல்ன்-ஹம் கால்வாய் ஒரு கூட்டாட்சி நீர்வழி. அத்தகைய நீர்வழிகள், நெடுஞ்சாலைகள், தொடருந்துப் பாதைகள் ஆகியவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் பறப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், சிறைச்சாலைகள், விபத்து நடந்த இடங்கள் ஆகியவற்றுக்கும் 100 மீற்றர் எல்லை உண்டு. தேரைப் படம்பிடிக்க வேண்டுமாயின் உயரமான கம்பத்தில் கமராவைப் பொருத்துவதே சிறந்தது. படம் எப்படியும் நன்றாகவே வரும்.

குடியிருப்புக் காணிகளின் மேல் பறப்பதற்குப் பொதுவாக உரியவரின் ஒப்புதல் வேண்டும். படமெடுப்பது தனிச் சிக்கல். 1898இல் பிஸ்மார்க் இறந்த அறைக்குள் இரு படப்பிடிப்பாளர்கள் இரகசியமாக நுழைந்து சடலத்தைப் படமெடுத்தனர். அந்த வழக்கின் தாக்கத்தால் 1907இல் பிறந்த சட்டமே, ஒருவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று இன்றும் கூறுகிறது. உயர்ந்த வேலியால் மறைக்கப்பட்ட தோட்டத்தில் இருப்பவரைப் படமெடுத்து அவரது அந்தரங்கத்தைக் குலைப்பது குற்றவியல் சட்டத்தின் 201அ பிரிவில் அடங்கும். தண்டம் அல்லது 2 ஆண்டுகள் வரை சிறை. பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தால் விளையாட்டு என்று சொல்லித் தப்பமுடியாது.

ரூர் பகுதியில் வாழ்வோர்க்கு இன்னொரு செய்தி. அங்குள்ள நிலக்கரிக் கழிவுக் குன்றுகளின் மேல் நிற்கும் கலைப்படைப்புகளை ட்ரோனால் படமெடுத்து நூலில் வெளியிட்டது பதிப்புரிமை மீறல் என்று யேர்மனியின் உயர் சிவில் நீதிமன்றமான புண்டெஸ்கெரிக்ட்ஸ்ஹோஃப் 2024 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. வீதியில் நின்று எடுத்தால் குற்றமில்லாத படம், வானிலிருந்து எடுத்தால் வேறாகிவிடுகிறது.

விமான நிலையங்களைப் பற்றி மிகச் சுருக்கமாகவே சொல்கிறேன்: கிட்ட நெருங்கவே வேண்டாம். 2025 அக்டோபர் 2 இரவு மூனிச் விமான நிலையம் ட்ரோன்கள் தென்பட்டமையால் மூடப்பட்டு, ஏறத்தாழ 3,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். வான்போக்குவரத்துக்கு ஆபத்து விளைவிப்பதற்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும். நிர்வாகத் தண்டம் பணத்தோடு முடிந்துவிடும், அது பெருந்தொகையாக இருக்கலாம் என்றாலும். குற்றவியல் தீர்ப்பு அவ்வாறன்று. 90 நாள் வருமான அலகுகளுக்கு மேற்பட்ட தண்டம் விதிக்கப்பட்டால் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது தடையாகலாம்.

அதற்காக ட்ரோனைப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. பொறியியல் பயில விரும்பும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. புறப்படுமுன் 'டிபுல்' என்னும் அரச இணையத்தள வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். தடை உள்ள பகுதிகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், 120 மீற்றர் உயரத்துக்குள் இருக்கட்டும். அருகிலுள்ள மாதிரி விமானக் கழகத்தில் சேர்த்துவிட்டால் திடலும் கிடைக்கும், கற்றுத்தர மூத்தவர்களும் கிடைப்பர்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துச் செல்ல எண்ணுவோர்க்கு ஒரு சொல். யேர்மனியப் பதிவு அங்கு செல்லாது. இலங்கை 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து ட்ரோன்களை முற்றாக நிறுத்திவைத்தது. அங்கு கொண்டுசெல்லுமுன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைக் கேட்டறியுங்கள். இந்தியா 2022 பெப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. சென்னை விமான நிலையச் சுங்கத்தில் வாதாடுவதைவிட, அதை இங்கேயே வீட்டில் விட்டுச்செல்வது எளிது.

பதிவுப் படிவத்தை நிரப்ப உதவி வேண்டுவோர் அடையாள அட்டையையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் முடிந்தபின் என் மேசைக்கு வாருங்கள்.